பதினாறாம் நாளுக்குள் ஒரு முகம்

ஓவியம்தான் என் தொழில் என்று சொன்னால் அடுத்து வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அப்ப வேலைக்குப் போகல, வீட்லதான் இருக்கீங்களா?" கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி, மகளின் பள்ளி வாசலில் பக்கத்தில் நிற்கிற அம்மாக்கள், கல்யாண வீட்டில் பத்து வருடம் கழித்துப் பார்க்கிற சித்தப்பா. "ஆமா, வீட்லதான் வேலை" என்பேன். அவர்கள் காதில் 'வீட்ல' மட்டும் விழும். 'வேலை' எங்கேயோ நழுவிவிடும்.

திருச்சி உறையூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் பதினான்கு வருடங்களாகப் படம் வரைந்து சம்பாதிக்கிறேன். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த நாட்களில் என் கனவில் வந்தவை எட்டடிக்கு ஆறடி கேன்வாஸ்கள். இன்று என் வருமானத்தில் முக்கால் பங்கு இறந்துபோனவர்களால் வருகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று உறவும் ஊரும் கூடியிருக்க, துணியை விலக்கிப் படம் திறப்பார்களே, அந்தப் படத்தை வரைகிறவள் நான். பெரும்பாலான வீடுகளில் ஃப்ளெக்ஸிலோ லேமினேஷன் போட்டோவிலோ முடித்துக்கொள்கிறார்கள். "கையால வரைஞ்சதா இருக்கணும்" என்று நினைக்கிற கொஞ்சம் பேர் எனக்குச் சோறு போடுகிறார்கள்.

*

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். ஹாலை ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறை, வடக்குப் பார்த்த ஜன்னல். வீடு பார்க்க வந்த அன்று சமையலறையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் அந்த ஜன்னலுக்காகவே அட்வான்ஸ் கொடுத்தோம். ஐரோப்பிய ஓவியப் புத்தகங்கள் வடக்கு வெளிச்சத்தைத்தான் சிபாரிசு செய்யும். சூரியன் நேராக உள்ளே வராது, நிழல் இடம் மாறாது, காலையில் கலக்கிய நிறம் மாலையிலும் அதே நிறமாகத் தெரியும். லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது சரி. திருச்சி பூமத்திய ரேகையிலிருந்து பதினோரு டிகிரிக்குள் இருக்கிற ஊர். ஏப்ரல் மூன்றாவது வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் காலையிலும் சாயங்காலமும் வெயில் சாய்ந்து வடக்கு ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து கேன்வாஸ் மேல் உட்கார்ந்துகொள்ளும். பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் திரை கட்டியிருக்கிறேன். சித்திரை பிறந்ததும் கட்டுவேன், ஆவணியில் அவிழ்ப்பேன்.

அறைக்குக் கதவு உண்டு. அதைச் சாத்துவதற்கு உரிமை வாங்கத்தான் ரொம்ப நாள் ஆனது. குக்கர் விசிலுக்கும், தண்ணீர் மோட்டாருக்கும், காலிங் பெல்லுக்கும் எழுந்து போகிறவள் நான்தான். "நீங்க வீட்லதானே இருக்கீங்க, எங்க பார்சலையும் கொஞ்சம் வாங்கி வச்சிருங்க" என்று கீழ்வீட்டில் ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் தெருவுக்கே கூரியர் ஆபீஸ் ஆகிவிட்டேன். மூக்கின் ஓரத்து நிழலைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஓடிபி சொல்லியிருக்கிறேன். வீட்டு ஓனர் ஒருநாள் மேலே வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இது கடையாம்மா, வீடா?" என்று கேட்டார். டர்பன்டைன் வாசனைதான் காரணம். மகள் தவழ ஆரம்பித்ததுமே டர்பன்டைனை விட்டிருக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அன்றிலிருந்து பிரஷ்ஷை லின்சீட் எண்ணெயில் அலசிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நேரம் கூடப் பிடிக்கும். தலைவலி இல்லை.

வீட்டில் ஆயில் பெயின்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவைப்பேன். பக்கத்திலேயே மகளின் ஸ்கூல் பேக் தொங்குகிற வீட்டில் இதெல்லாம் தொழிலின் பாதி.

*

போன் பெரும்பாலும் நான்காம் நாள் அல்லது ஐந்தாம் நாள் வரும். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் படம் ஞாபகம் இருக்காது. பதினாறில் ஐந்து போய்விட்டால் மிச்சம் பதினொன்று. மலைக்கோட்டைப் பக்கத்து ஃப்ரேம் கடைக்கு இரண்டு நாள். ஊருக்குக் கொண்டுபோக ஒருநாள். எனக்கு எட்டு நாள்.

எட்டு நாளில் ஆயில் காயாது. ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் மெதுவாகக் கெட்டிப்படுகிறது. அதுவும் நிறத்துக்கு நிறம் மாறும். அம்பர் என்கிற பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் ஒன்றிரண்டு நாளில் கைக்கு ஒட்டாது. டைட்டேனியம் வெள்ளை ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுக்கும். ஆகவே தாத்தாவின் பழுப்புக் கண் காய்ந்திருக்கும், வெள்ளை மீசை காய்ந்திருக்காது. அந்த மீசை மேல் யாராவது ரோஜா மாலையைச் சாத்தினால் கதை முடிந்தது. அதனால் பதினாறாம் நாள் படங்கள் எல்லாமே அக்ரிலிக். வருஷத் திதிக்குக் கேட்பவர்களுக்கு மட்டும் ஆயில்.

அக்ரிலிக்குக்கு நேரெதிர் தொல்லை. மே மாதம் மின்விசிறிக்குக் கீழே பேலட்டில் வைத்த பெயின்ட் நான் கன்னத்திலிருந்து கழுத்துக்கு வருவதற்குள் ரப்பர் ஆகிவிடும். தட்டில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன்மேல் நிறம் கலக்கிறேன். காய்ந்தபின் அக்ரிலிக் ஒரு சாயல் இருண்டுபோகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் சரியாக இருக்கிற முகம் காய்ந்தால் கறுத்திருக்கும். அதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் அவர்கள் கேட்பதிலேயே பெரிய விஷயம் நிறம்தான்.

"கொஞ்சம் கலரா போட்டுருங்க."

பதினான்கு வருடத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அப்பாவைப் பற்றி, அம்மாவைப் பற்றி, இருபத்திரண்டு வயதில் பைக்கில் போய்ச் செத்துப்போன தம்பியைப் பற்றி. உயிரோடு இருந்தபோது யாரும் அவர்களைக் கலர் மாற்றிப் பார்க்கவில்லை. பெயின்ட் கம்பெனிகளும் லேசுப்பட்டவை இல்லை. 'ஃப்ளெஷ் டின்ட்' என்ற பெயரில் வருகிற ட்யூபைப் பிதுக்கினால் இளஞ்சிவப்பு வரும். அது எந்த ஊர்ச் சதை? அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி 1962-லேயே 'ஃப்ளெஷ்' என்ற கிரேயானுக்கு 'பீச்' என்று பெயர் மாற்றிவிட்டது. நம் கடைகளில் அந்த ட்யூப் அதே பெயரில் இன்னும் தொங்குகிறது.

நான் வாங்குவதில்லை. எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், வெள்ளை. இந்த நான்கில் நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் வந்துவிடும். கறுப்பு ட்யூபைத் தொடவே வேண்டாம். கறுத்த தோலின் அழகு அது வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிற விதத்தில் இருக்கிறது. நெற்றி எலும்பிலும் மூக்கு நுனியிலும் வானத்தின் நீலம் துல்லியமாகப் பளபளக்கும். வெளுத்த தோலில் அந்தப் பளபளப்பு இவ்வளவு எடுப்பாகத் தெரியாது. "கலரா போடுங்க" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்த நீலத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால் முகம் பிரகாசமாகத் தெரியும். "ஆங், இப்பக் கலரா இருக்கு" என்பார்கள். ஒரு துளி சியன்னாவைக்கூட நான் குறைத்திருக்க மாட்டேன்.

*

ஆண்களின் படம் எடுத்துவருவது சுலபம். பஞ்சாயத்துத் தேர்தல் நோட்டீஸ், ஓய்வுபெற்ற நாளில் சால்வையோடு எடுத்தது, சபரிமலைக்கு மாலை போட்டபோது எடுத்தது, புது டிராக்டர் பக்கத்தில் நின்றது. நான்கைந்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எழுபது வயதுக்கு மேல் இறந்த பெண்களின் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் ஒரு கூட்டத்தின் படம். அதில் மூன்றாவது வரிசையில் ஒரு தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். யாரோ ஒருவருடைய காதுகுத்து, யாரோ ஒருத்தியின் மஞ்சள் நீராட்டு. கையில் அடுத்தவர் குழந்தை இருக்கும். பாதி முகத்தை ஒரு தோள் மறைக்கும். தனியாக எடுத்தது இல்லையா என்று கேட்டால் அங்கே ஒரு மௌனம் விழும். பிறகு வாக்காளர் அட்டையை அனுப்புவார்கள். படத்தோடு கூடிய அந்த அட்டை 1993-இல் வந்தது. என்னிடம் வந்த பல பாட்டிகளுக்கு வாழ்க்கையில் தனியாக எடுத்த முதல் படம் அதுதான். அடுத்தது ஆதார். இரண்டிலும் அவர்கள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு மூன்று வருடங்களாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் அந்த மங்கலான தலையை ஏஐ செயலியில் போட்டுத் 'தெளிவாக்கி' அனுப்புகிறார்கள். படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இமை முடி ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் அந்த இமைகள் யாருடையவை? இருபது புள்ளி அகலத்தில் இருந்த கண்ணுக்குள் இல்லாத விவரத்தை அந்தச் செயலி வேறு ஆயிரம் முகங்களிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கும். நானும் இல்லாததைத்தான் நிரப்புகிறேன், அதை மறுக்கவில்லை. நான் நிரப்புவதற்கு முன்னால் கேட்கிறேன். எட்டு நாளில் இரண்டு நாள் வெறும் கேள்விகளுக்கே போகும். எந்தப் பக்கம் வகிடு? மூக்குத்தி வலதா இடதா? சிரித்தால் கண் சுருங்குமா? தலை சாய்த்துப் பேசுவாரா? இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் இருக்கிற ஆண்கள் முதலில் பதில் சொல்வார்கள், பிறகு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வேறு பதில் சொல்வார்கள்.

முசிறிப் பக்கத்து அம்மா ஒருவரின் படம் அப்படித்தான் வந்தது. மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவர் அனுப்பியது ஏஐ படம். மகள் தனியாகப் போன் செய்தாள். "அக்கா, அண்ணன் அனுப்புனத வச்சுப் போட்றாதீங்க. எங்கம்மாவுக்கு இவ்ளோ பல்லு கெடையாது." முன்பல் இரண்டு விழுந்து பத்து வருடம் ஆகிறதாம். செயலி ஒரு முழு வரிசையையே பரிசளித்திருந்தது.

மகன்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. அம்மா தேக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அரக்குப் பட்டுப்புடவை, கழுத்தில் அட்டிகை. "ராணி மாதிரி இருக்கணும் மேடம். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க." அந்த விருப்பத்தில் பொய் இல்லை. வாழைக் கொல்லையிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஐம்பது வருடம் குனிந்தவரைக் கடைசியில் ஒருமுறையாவது நாற்காலியில் உட்காரவைக்க நினைத்தார்கள்.

முகம் பிடிபடவில்லை. இறந்தவருக்குத் தங்கை ஒருவர் உண்டென்றும் ஒரே ஜாடை என்றும் மகள் சொன்னாள். எழுபது வயதுக்கு மேலே இருக்கும், காலையில் பஸ் பிடித்து வந்துவிட்டார். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரச் சொன்னேன். சாய்ந்து உட்காரச் சொன்னேன். சாய்ந்தவர் உடனே முன்னால் வந்துவிட்டார்.

"அக்கா இப்படிச் சாஞ்சு உக்காந்து நான் பாத்ததே இல்லம்மா. எந்திரிக்கப் போற மாதிரிதான் உக்காரும்."

"எப்படி? உக்காந்து காட்டுங்களேன்."

காட்டினார். நாற்காலியின் முன்விளிம்பில், முதுகு படாமல், இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் ஊன்றி, ஒரு குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பியிருக்க. யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால் அடுத்த நொடி நின்றுவிடுகிற உட்காரல். அதைப் பார்த்ததும் முகம் வந்துவிட்டது. அந்த முகம் கேமராவைப் பார்க்கிற முகம் இல்லை. உள்கட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கிற முகம்.

பட்டுப்புடவை போட்டேன், அட்டிகை போட்டேன், தேக்கு நாற்காலியும் போட்டேன். உட்கார்ந்திருந்த விதத்தை மட்டும் தங்கை காட்டியபடி வரைந்தேன். பதினான்காம் நாள் மூத்தவர் வந்து பார்த்தார். வெகுநேரம் நின்றார். "என்ன மேடம், ஏதோ அவசரமா உக்காந்திருக்கிற மாதிரி இருக்கே" என்றார். தங்கை உட்கார்ந்து காட்டியதைச் சொன்னேன். சித்தியா சொன்னாங்க என்று கேட்டார், பாக்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார், எடுத்துக்கொண்டு போனார். பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் இரவு மகள் படம் அனுப்பினாள். நான்கு கண்ணி ரோஜா மாலையைச் சாத்தியிருந்தார்கள். முழங்காலில் ஊன்றிய கைகள் இரண்டும் மாலைக்குள் மறைந்துபோயிருந்தன. கீழே ஒரு வரி. "அம்மா இப்ப எந்திரிச்சு வந்துரும்போல இருக்குக்கா."

*

அந்தப் படத்தைப் பிறகு முதலாண்டு நினைவு ஃப்ளெக்ஸிலும், பேரன் கடையின் காலண்டரிலும் பார்த்தேன். ஊரில் இப்போது அந்த அம்மாவின் முகம் என்றால் அதுதான். என்னைக் கேட்டார்களா என்று கல்லூரித் தம்பி தங்கைகள் கோபப்படுவார்கள். கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை.

இந்த விஷயம் வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒவ்வொரு ஓவியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு படைப்புக்கு முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர் என்கிறது. உடனே விதிவிலக்குகளும் சொல்கிறது. பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது ஆர்டர் படம் முழுக்க அவர்களுடையது. நானாக வரைந்து பிறகு விற்ற படத்துக்குக் கேன்வாஸ் மட்டும் கைமாறுகிறது, பதிப்புரிமை எழுதிக் கொடுத்தாலொழிய என்னிடமே இருக்கும். 'வேறு ஒப்பந்தம்' என்பது முத்திரைத்தாள் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டாலே நல்ல தொடக்கம். யாருக்குப் பதிப்புரிமை, எதற்கெல்லாம் அச்சிடலாம், என் பெயர் இருக்குமா.

57-ஆம் பிரிவு வேறொன்றைத் தருகிறது. பதிப்புரிமை கைமாறினாலும், 'இதை வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமையும், என் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் என்னோடு இருக்கின்றன. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருப்பதை அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, ஐந்து லட்சம் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. அது அரசாங்கமே பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை.

இறந்தவர் வீட்டில் போய் மூன்று வரித் தாளை நீட்ட எனக்கு மனம் வராது. அந்த முகம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். கேன்வாஸின் பின்புறம் மட்டும் என் பெயரும் தேதியும், முகம் காட்டிய உறவினர் யாரென்பதும் எழுதிவிடுகிறேன். முசிறிப் படத்தின் பின்னால் அந்தத் தங்கையின் பெயர் இருக்கிறது.

*

கணக்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பதினாறுக்கு இருபது அங்குல அக்ரிலிக் படம் ஒன்பதாயிரம் ரூபாய், ஃப்ரேம் தனி. கேன்வாஸ், பெயின்ட், பிரஷ் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. கேள்வி கேட்ட நேரம், வரைந்த நேரம் சேர்த்து சராசரி 38 மணி நேரம். கழித்து வகுத்தால் மணிக்கு இருநூறு ரூபாய். மாதத்துக்கு மூன்று படம், நல்ல மாதத்தில் நான்கு. யாரும் சாகாத மாதத்தை நல்ல மாதம் என்று சொல்ல முடியாத தொழில் இது, அதை வெளியில் சொல்லவும் முடியாது.

நோட்டு போட ஆரம்பித்ததற்குக் காரணம் பணம்கூட இல்லை. வீட்டில் செய்கிற வேலைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால் அது நடந்ததாகவே யாருக்கும் தெரிவதில்லை. எனக்கே தெரிவதில்லை. இரவு படுக்கும்போது 'இன்னிக்கு ஒண்ணுமே செய்யல' என்று தோன்றும். நோட்டைத் திறந்தால் ஐந்தே முக்கால் மணி நேரம் என்று இருக்கும். கூரியர் வாங்கியதும் ரசம் வைத்ததும் அதில் இல்லை. அந்த நேரத்தையும் இன்னொரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் எழுத முடியவில்லை, அவ்வளவு நீளம்.

இந்த நோட்டும் மூன்றாவது வரிசைத் தலைகளும் எனக்குள் எப்போது சேர்ந்துகொண்டன என்று சரியாகச் சொல்ல முடியாது. அந்தப் பாட்டிகளைப் பற்றி விசாரித்தால் மகன்கள், "அம்மா வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருந்தாங்க" என்பார்கள். மாடு, கொல்லை, அடுப்பு, ஆறு பிரசவம் எல்லாம் அந்த 'வீட்ல'வுக்குள் அடங்கிவிடும். வேலை கண்ணில் படாதபோது வேலை செய்தவளும் கண்ணில் படமாட்டாள். படம் எடுக்கிற நேரத்தில் அவள் உள்ளே இருந்திருப்பாள். கூப்பிட்டபோது வந்து, இடம் கிடைத்த வரிசையில் நின்றிருப்பாள்.

ஜீவனத்துக்கு ஒன்று, ஆத்மாவுக்கு ஒன்று என்று வேலையைப் பிரிப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது அதற்குக் கைகொடுத்தது பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களின் விற்பனை. ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார், பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் போட்டார். பணிக்கரிடம் சென்னையில் படித்த டி.கே. பத்மினி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. 1969-இல் பிரசவத்தில் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் வரைந்த பெண்கள் இருட்டுக்குள்ளிருந்து நேராக நம்மைப் பார்ப்பார்கள். கல்லூரி நாட்களில் அச்சில் பார்த்த அந்தக் கண்களை இன்னும் மறக்க முடியவில்லை.

நானும் முதலில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். ஜன்னல் பக்கம் ஆர்டர் படங்கள், எதிர்ச் சுவரில் 'என்னுடைய' படங்கள். ஐந்தாறு வருடமாகச் சுவர் மாறிவிட்டது. இப்போது என்னுடைய படங்களிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். கூட்டப் படங்களில் மூன்றாவது வரிசையிலிருந்தவர்களை முன்னால் கொண்டுவந்து, முன்வரிசையை மங்கலாக்கி, நாலடிக்கு மூன்றடி ஆயிலில் வரைகிறேன். குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி முகங்களைக் கலந்து. ஒன்பது முடிந்திருக்கிறது. கேலரியில் வைத்தால் விற்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்களுக்குப் போகும். அதற்குள் போக எனக்கு அவசரம் இல்லை. ஆயில் காயட்டும்.

*

போன மாதம் வந்த ஆர்டர் என் நோட்டிலேயே முதல் தடவை. பெங்களூரில் வேலை பார்க்கிற ஒரு பெண் கூப்பிட்டாள். அம்மாவை வரைய வேண்டும் என்றாள். எத்தனையாவது நாள் என்று வாய் தவறாமல் நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை. "அம்மா நல்லா இருக்காங்க மேடம். தில்லைநகர்லதான் இருக்காங்க. நேர்ல உக்காரவச்சு வரைவீங்களா?"

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா ஆட்டோவில் வந்தார். அறுபத்தெட்டு வயது. நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டித் திரையைச் சரிசெய்து, கரித்துண்டால் கோடு போட ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"எவ்ளோ நேரம்மா சும்மா உக்காரணும்?"

"இன்னும் அரை மணி நேரம்மா. சும்மா இல்ல, இதுவும் வேலைதான்."

"உக்காந்திருக்கிறது வேலையா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இருபதாவது நிமிடம் காலிங் பெல் அடித்தது, கீழ்வீட்டுப் பார்சல். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் நாற்காலி காலி. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நாங்கள் காபி குடித்த டம்ளர்களையும், காலையிலிருந்து சிங்க்கில் கிடந்த என் பாத்திரங்களையும் விளக்கிக்கொண்டிருந்தார். "கெடக்கேன்னு பாத்தேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கெட்ச் நோட்டையும் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தேன். கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி திரும்பிப் பார்த்தவர், "இதையா வரைஞ்ச?" என்றார். பிறகு, அடுத்த வியாழனும் வருவதாகவும், ஆனால் பதினோரு மணிக்குள் விட்டுவிட வேண்டும், உலை வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.